தயிரும் தழையும்

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பச்சைக் காய்கறி மேல் ஊற்றிக்கொள்ளும் வெள்ளைச் சாஸைப் புட்டியாகக் கடையில் வாங்குவது நம் வயதுக்காரர்களுக்குத் தேவையில்லாத செலவு. அதைவிட முக்கியம், தேவையில்லாத உப்பு. அரை லிட்டர் தயிரும் ஒரு கைப்பிடித் தழையும் இருந்தால் அதைவிட நல்ல சாஸை நாமே செய்துகொள்ளலாம். அடுப்புக்கூட மூட்ட வேண்டாம்.

அலுவலகத்தில் குறிப்பு எழுதும்போது விவரங்களை மேலே வரிசையாக எழுதி, முடிவைக் கடைசியில் மேலதிகாரிக்கு விட்டுவிடுவோம். இப்போது எனக்கு மேலதிகாரி யாரும் இல்லை. ஆகவே முடிவை மேலே வைத்துவிட்டேன். காரணங்களை இனி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

இதை எழுதத் தூண்டியவர் ஒரு நண்பர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். மாலையில் கடற்கரைச் சாலையில் எங்களோடு நடப்பவர். ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, உப்பைக் குறையுங்கள், பச்சைக் காய்கறி நிறையச் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நண்பரும் சொன்னபடி கேட்கிற மனிதர். ஊறுகாயை நிறுத்தினார், அப்பளத்தை நிறுத்தினார். தினமும் ஒரு தட்டு வெள்ளரியும் கேரட்டும் நறுக்கி வைத்துக்கொண்டார். வெறுமனே தின்ன முடியவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் அழகான புட்டி ஒன்று இருந்தது. பச்சைத் தழைப் படம் போட்டு, கிரீம் போலக் கெட்டியாக இருந்தது. அதை வாங்கி வந்து தாராளமாக ஊற்றிச் சாப்பிட்டு வந்தார். ஊறுகாய் வாசல் வழியாக வெளியே போயிற்று. அதே உப்பு கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது. அவருக்கு அது தெரியாது. புட்டியின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் அச்சடித்திருப்பதை எழுபத்தைந்து வயதில் யார் படிக்கிறார்கள்?

நான் படித்தேன். அது என் தொழில் புத்தி. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால், வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பழைய பிரெஞ்சுப் பத்திரம் எது வந்தாலும் என் மேசைக்குத்தான் அனுப்புவார்கள். பத்திரத்தில் முதல் பக்கத்து அலங்கார எழுத்தைப் பார்த்து மயங்கக் கூடாது, கடைசிப் பக்கத்து ஓரக் குறிப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது அங்கே கற்ற பாடம். புட்டிக்கும் அதுவே பொருந்தும்.

நம் நாட்டுச் சட்டப்படி, சேர்த்திருக்கும் பொருள்களை எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் எழுத வேண்டும். நண்பர் கொண்டுவந்த புட்டியில் முதலில் எண்ணெய், அடுத்தது தண்ணீர், அடுத்தது சர்க்கரை. தழையைத் தேடினேன். பட்டியலின் வால் பக்கத்தில், அதுவும் காய்ந்த தழையாக இருந்தது. முகப்பில் முக்கால் பாகத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்தப் பச்சைக் கொத்து, உள்ளே ஒரு சிட்டிகைதான். எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கெட்டியாக நிற்பதற்குச் சாந்தன் கோந்து. கெடாமல் இருக்க ஒரு பதனப்பொருள். இவை விஷம் என்று நான் சொல்லவரவில்லை, சட்டம் அனுமதித்தவைதான். நான் கேட்பது ஒன்றே. தழைக்காகக் காசு கொடுத்தவனுக்குத் தழை எங்கே?

உப்புக் கணக்கையும் பாருங்கள். லேபிளில் உப்பு என்று எழுதியிருக்காது, சோடியம் என்று இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். அந்தப் புட்டியில் 100 கிராமுக்கு 900 மில்லிகிராம் சோடியம். அப்படியென்றால் சுமார் இரண்டே கால் கிராம் உப்பு. நண்பர் ஒரு வேளைக்கு இரண்டு பெரிய கரண்டி, அதாவது 30 கிராம் ஊற்றிக்கொள்கிறார். அதில் மட்டும் ஏறக்குறைய 0.7 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள். ஆக, ஏழில் ஒரு பங்கு அந்தக் காய்கறித் தட்டிலேயே முடிந்துவிடுகிறது. சாம்பாரும் ரசமும் இன்னும் வரவில்லை.

இந்த இடத்தில் பெயரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு டிரெஸ்ஸிங் என்று பெயர். நமக்கு டிரெஸ்ஸிங் என்றால் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுவது. என் மனைவி அந்தச் சொல்லைச் சாப்பாட்டு மேசையில் உச்சரிக்கவே கூடாது என்கிறாள். பிரெஞ்சில் வெறுமனே சோஸ் என்பார்கள். நான் சாஸ் என்றே எழுதுகிறேன்.

கடைகளில் பிரெஞ்சு டிரெஸ்ஸிங் என்று ஆரஞ்சு நிறத்தில், இனிப்பாக ஒன்று விற்கிறார்கள். புதுச்சேரிக்காரர்கள் அந்தப் பெயரைப் பார்த்ததும் பெருமையோடு வாங்குகிறார்கள். பிரான்சில் அப்படி ஒன்று கிடையாது. அது அமெரிக்கர்கள் வைத்துக்கொண்ட பெயர். அதற்கு அந்த நாட்டு அரசாங்கம் 1950-இல் ஒரு விதியே போட்டது: பிரெஞ்சு டிரெஸ்ஸிங் என்று பெயர் வைத்தால் எடையில் 35 சதவீதத்துக்குக் குறையாமல் தாவர எண்ணெய் இருக்க வேண்டும். இந்த விதி வேண்டாம் என்று சாஸ் தயாரிப்பாளர் சங்கம் 1998-இல் மனு கொடுத்தது. விதி ரத்தானது 2022-இல். ஒரு கோப்பு இருபத்துநான்கு வருடம் நகர்ந்திருக்கிறது. நம் ஊர் அலுவலகங்களை மட்டும் குறை சொல்லாதீர்கள் என்று பேரனிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன்.

பிரான்சில் சாதாரண வீடுகளில் என்ன செய்கிறார்கள்? ஒரு பெரிய கிண்ணத்தின் அடியில் ஒரு பங்கு வினிகரும் உப்பும் கலக்கி, மூன்று பங்கு எண்ணெய் விட்டு அடிக்கிறார்கள். வேண்டுமானால் ஒரு கரண்டி கடுகு விழுது. அதற்கு மேல் இலைகளைப் போட்டு, மேசையில் வைத்துக் கிளறுகிறார்கள். இதுதான் வினேக்ரெத். கிளறுவதற்கு அவர்கள் சொல்லும் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும்: ஃபத்திகே லா சலாத். சலாதைக் களைப்படைய வைப்பது என்று பொருள். இலை கொஞ்சம் சோர்ந்து விழும்வரை புரட்ட வேண்டுமாம். வாய்க்கு மென்மையாக இருக்கும். பல் போனவர்களுக்கு இந்தச் சொல்லின் அருமை புரியும்.

ஆனால் நான் இன்று பரிந்துரைப்பது வினேக்ரெத்தை அல்ல. அது எண்ணெய் மிகுந்தது. லெத்தூஸ் போன்ற மெல்லிய இலைக்குப் பொருந்தும். நம் வெள்ளரிக்கும் கேரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் ஒட்டாமல் வழிந்தோடிவிடும். இவற்றுக்குக் கெட்டியான சாஸ்தான் வேண்டும். முட்டை மஞ்சள் கருவில் எண்ணெயை அடித்துச் செய்யும் மயோனேஸ் கெட்டியானதுதான். பள்ளியில் பொருட்பாடம் என்று ஒரு வகுப்பு உண்டு. அதில் எங்கள் மெஸ்யே ஒரு கண்ணாடிக் குப்பியில் எண்ணெயும் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கிக் காட்டினார். ஒரு நிமிடத்தில் இரண்டும் பிரிந்தன. மஞ்சள் கருவைச் சேர்த்துக் குலுக்கினார், பிரியவில்லை. மஞ்சள் கருவில் இருக்கும் லெசித்தின் என்ற பொருள் ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் தண்ணீரையும் பிடித்துக்கொள்கிறது என்று விளக்கினார். அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் அது எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் பச்சை முட்டையை நம் வயதில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதில் சால்மொனெல்லா கிருமி இருந்துவிட்டால் இளைஞன் இரண்டு நாளில் எழுந்துவிடுவான். நாம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும். புதுவையின் மே மாத வெயிலில் இந்த விளையாட்டு வேண்டாம்.

இதற்கு வழி, பிரான்சின் லியோன் நகரத்தில் இருக்கிறது. அங்கே பட்டு நெய்த தொழிலாளர்களுக்குக் கன்யூ என்று பெயர். 1831-லும் 1834-லும் கூலிக்காகக் கிளர்ந்தெழுந்து சரித்திரத்தில் இடம்பிடித்தவர்கள் இவர்கள். அவர்கள் பெயரால் ஒரு பண்டம் இன்றும் அந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் கிடைக்கிறது: செர்வேல் து கன்யூ. நெசவாளியின் மூளை என்று அர்த்தம். பெயரைக் கேட்டுச் சைவர்கள் பயப்பட வேண்டாம், இதில் மூளையும் இல்லை, மாமிசமும் இல்லை. ஃப்ரொமாஜ் பிளான் என்ற வெள்ளைப் புளிப்புப் பாலாடையை அடித்து, பொடியாக நறுக்கிய பச்சைத் தழை, சின்ன வெங்காயம், உப்பு, மிளகு, கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் வினிகர் சேர்க்கிறார்கள். அவித்த உருளைக்கிழங்கோடும் ரொட்டியோடும் சாப்பிடுகிறார்கள்.

இதைப் படித்ததும் உங்களில் பாதிப்பேர் என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். இது நம் தயிர்ப்பச்சடிதானே, இதற்கு எதற்கு லியோன் வரைக்கும் போக வேண்டும்? நடைப்பயிற்சி நண்பர்களும் இதையேதான் கேட்டார்கள். நெருங்கிய உறவுதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பச்சடியில் காயையும் தயிரையும் முன்பே கலந்துவிடுகிறோம். உப்புப் பட்டதும் வெள்ளரி தண்ணீர் விடும். அரை மணியில் பச்சடி நீர்த்துவிடும். அது சோற்றோடு பிசைந்து சாப்பிட வேண்டிய பண்டம், ஆகவே நீர்த்தாலும் குற்றமில்லை. சாஸ் வேறு கிண்ணத்தில் தனியாக நிற்கிறது. மூன்று நாள் இருக்கும். இன்றைக்கு வெள்ளரிக்கு, நாளைக்கு அவித்த பீன்ஸுக்கு, மறுநாள் சப்பாத்திக்கு என்று ஒரே தரம் செய்து பல வேளை எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் இருவரோ ஒருவரோ மட்டும் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல.

இனி செய்முறை. என் வீட்டில் இது என் இலாகா. அளவு எல்லாம் நான் செய்து பார்த்தது.

கொழுப்பு எடுக்காத பாலில் உறை ஊற்றிய தயிர் அரை லிட்டர். புளிக்காததாக இருக்க வேண்டும். சுத்தமான வெள்ளை மல் துணியில் ஊற்றி மூட்டையாகக் கட்டி, ஒரு வடிகட்டியில் வைத்து, கீழே பாத்திரம் வைத்துக் குளிர்பெட்டியில் நான்கு மணி நேரம் விட்டுவிடுங்கள். சமையலறைக் குழாயில் தொங்கவிடுவது பழைய பழக்கம். நம் வெயிலில் அது புளித்துப்போகும், குளிர்பெட்டிதான் சரி. நான்கு மணியில் பாதிக்குப் பாதி தண்ணீர் வடிந்து, கால் கிலோ கெட்டித் தயிர் நிற்கும். வடிந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். சப்பாத்தி மாவு பிசையலாம், ரசத்தில் விடலாம்.

தயிர் வடியும் நேரத்தில் தழை வேலை. ஒரு கைப்பிடிக் கொத்துமல்லி, பத்துப் பன்னிரண்டு புதினா இலை, இரண்டு வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி. கொத்துமல்லியில் மண் அதிகம். கட்டை அவிழ்த்து, பெரிய பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி அதில் முக்கி எடுங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை மூன்று தரம் மாற்றுங்கள். வேகவைக்காமல் சாப்பிடப்போகிறோம் என்பதால் இதில் சோம்பல் கூடாது. பிறகு துணியில் உதறி நன்றாக உலரவிட வேண்டும். ஈரத் தழை சாஸைத் தண்ணீராக்கிவிடும்.

இரண்டு சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி அரை எலுமிச்சம்பழச் சாற்றில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். காரல் போய்விடும். தழையைக் கூரான கத்தியால் நறுக்குங்கள். மழுங்கின கத்தி புதினாவை நசுக்கும், நசுங்கினால் கறுத்துப்போகும்.

கெட்டித் தயிரைக் கரண்டியால் கட்டியில்லாமல் அடித்து, ஊறின வெங்காயத்தைச் சாற்றோடு சேர்த்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், தழை, பொடித்த மிளகு, கால் தேக்கரண்டி உப்பு போட்டுக் கலக்குங்கள். எண்ணெய் ஆலிவாகவும் இருக்கலாம், கடலை எண்ணெயாகவும் இருக்கலாம். அந்த ஒரு கரண்டியை விட்டுவிடாதீர்கள். கேரட்டிலும் தழையிலும் இருக்கும் சில சத்துகள் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் சேரும். கெட்டியாக இருப்பதாகத் தோன்றினால் வடித்த தண்ணீரிலேயே ஒரு கரண்டி விட்டுக்கொள்ளலாம். அரை மணி நேரம் குளிர்ந்தால் தழை வாசனை தயிரில் இறங்கிவிடும்.

மிக்சியில் போடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இளையவர்கள் எல்லோரும் முதலில் நாடுவது அதைத்தான். மிக்சியின் வேகத்தில் தயிரின் கட்டு உடைந்து மோராகிவிடும். நான்கு மணி நேரம் வடித்தது வீண். பல் இல்லாதவர்களுக்காகத் தழையை அரைத்தே ஆக வேண்டும் என்றால், தழையை மட்டும் தனியாக அரைத்துக் கடைசியில் கையால் கலக்கிக்கொள்ளுங்கள்.

உப்புக் கணக்கை இங்கேயும் போட்டுவிடுவோம். கால் தேக்கரண்டி என்பது ஏறக்குறைய ஒன்றரை கிராம். மொத்தச் சாஸ் 280 கிராம் வரும். 30 கிராம் ஊற்றிக்கொண்டால் 0.16 கிராம் உப்பு. நண்பரின் புட்டியில் இருந்ததில் நாலில் ஒரு பங்கு. எலுமிச்சையும் வெங்காயமும் மிளகும் இருப்பதால் உப்புக் குறைவு நாக்குக்குத் தெரிவதில்லை.

தழை பற்றித் தனியாக எழுத ஆசை. பிரெஞ்சுச் சமையலில் ஃபீன் ஸெர்ப் என்று நான்கு மெல்லிய தழைகளைச் சேர்த்துச் சொல்வார்கள்: பெர்சில், சிபுலேத், எஸ்த்ராகோன், செர்ஃபேய். இவை இல்லாமல் எப்படி என்று பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். என் பதில், நம் பெரிய மார்க்கெட்டில் கிடைப்பதைப் போடுங்கள். பெர்சிலும் கொத்துமல்லியும் ஒரே குடும்பம். கேரட்டும் சீரகமும்கூட அந்தக் குடும்பம்தான். பிரெஞ்சுக்காரர்களே கொத்துமல்லியை அரபுப் பெர்சில் என்று சொல்வதுண்டு. சிபுலேத்துக்கு நம் வெங்காயத்தாள். அவர்கள் எஷலோத் என்று கொண்டாடுவதற்குச் சாம்பாரில் போடும் நம் சின்ன வெங்காயம்.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரிவதில்லை. பெரிய ஓட்டல்களில் பாசிலிக் என்று பெயர் சொல்லிக் காசு வாங்கும் தழை, நம் வேலியோரத்தில் வளரும் திருநீற்றுப்பச்சிலைதான். அதன் விதையைத்தான் சப்ஜா என்று ஊறவைத்து வெயில் காலத்தில் குடிக்கிறோம். ரகம் வேறாக இருக்கலாம், நம்முடையது வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், செடி ஒன்றுதான். விதையைக் குடித்துவிட்டு இலையை மறந்துவிட்டோம். அதில் நான்கு இலை கிள்ளிப் போட்டுப் பாருங்கள். தொட்டியில் இரண்டு செடி இருந்தால் ஒரு வீட்டுக்குப் போதும்.

எச்சரிக்கைகளையும் சொல்லாமல் விடக் கூடாது. ஒன்று, மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள். எலுமிச்சையின் புளிப்பில் தழையின் பச்சை மெல்ல மங்கும். அது கெட்டதற்கு அடையாளமல்ல. ஆனால் வாடை மாறினால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். இரண்டு, பூண்டு பிடித்தவர்கள் அரைப் பல் நசுக்கிச் சேர்க்கலாம். ஆனால் பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே நாள்கணக்கில் வைக்கும் பழக்கம் வேண்டாம். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் கிருமி வளர இடமுண்டு. மூன்று, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசெனோகூமரால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பச்சைத் தழையில் வைட்டமின் கே உண்டு. அது அந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். தழையே கூடாது என்பதல்ல. ஒரு நாள் கட்டுக்கட்டாகவும் மறுநாள் ஒன்றுமில்லாமலும் சாப்பிடக் கூடாது. அளவு ஒரே சீராக இருக்க வேண்டும். நான்கு, ராத்திரியில் தயிர் ஆகாது என்று வளர்ந்தவர்கள் நாம். ஒத்துக்கொள்ளாதவர்கள் மதியம் சாப்பிடுங்கள். அதற்காகச் சண்டை வேண்டாம்.

புட்டிக்காரர்கள் பக்கத்து நியாயத்தையும் நான் கேட்டிருக்கிறேன். கை நடுங்குகிறது, மூட்டு வலிக்கிறது, நறுக்க முடியவில்லை என்கிறார்கள். உண்மைதான். கத்தியை விட்டுவிட்டுக் கத்தரிக்கோலால் தழையைக் கிண்ணத்துக்குள்ளேயே வெட்டிப் போடுங்கள், சுலபமாக இருக்கும். அதுவும் முடியாது என்றால் புட்டி வாங்குங்கள், குற்றமில்லை. ஆனால் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய், இரண்டு மூன்று புட்டிகளின் சோடியத்தை ஒப்பிட்டு, குறைந்ததை எடுங்கள். வீட்டுக்கு வந்து சம அளவு தயிரில் கலந்துகொண்டால் உப்புப் பாதியாகக் குறையும்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு எழுத்து எதற்கு என்று கேட்கலாம். எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

நம் ஊரில் எத்தனை வீடுகளில் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள், தாய் தகப்பன் மட்டும் இங்கே இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். இருவரில் ஒருவர் போய்விட்டால் மற்றவர் சமையல் எப்படி ஆகிறது? கொஞ்சம் அரிசிக் கஞ்சி, ஊறுகாய், முடிந்தால் ஓர் அப்பளம். ஒருத்தருக்கு என்னத்தைப் பொரியல் பண்ணுவது என்ற சலிப்பு. நான் போய்வரும் வீடுகளில் இதைத்தான் பார்க்கிறேன். மனைவியை இழந்த ஆண்கள் நிலைமை இன்னும் மோசம். ஐம்பது வருடம் தட்டு முன்னால் உட்கார்ந்தே பழகியவர்கள். கீழ்ப் பல்வரிசை போய்விட்டால் பச்சைக் காய்கறியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. காய் குறைகிறது, உப்புக் கூடுகிறது, ருசி என்பதே ஊறுகாய்ப் பாட்டிலுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது.

அப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது, குளிர்பெட்டியில் இந்தக் கிண்ணம் இருக்கட்டும். அவித்த உருளைக்கிழங்கு இரண்டு துண்டு, அவித்த பீட்ரூட், துருவின கேரட், எதன் மேல் ஊற்றினாலும் அது ஒரு வேளைச் சாப்பாடாகிவிடும். மெல்லச் சிரமமில்லை. பால் சத்து உண்டு. அடுப்பைத் திரும்பத் திரும்ப மூட்ட வேண்டியதில்லை. வேலைக்காரம்மாவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. என் தட்டில் எவ்வளவு உப்பு என்பதை எங்கோ இருக்கும் தொழிற்சாலை தீர்மானிக்காமல் நானே தீர்மானிக்கிறேன். எழுபது வயதுக்கு மேல் நாம் தீர்மானிக்கக்கூடியவை நாளுக்கு நாள் குறைந்துவருகின்றன. மாத்திரையை டாக்டர் தீர்மானிக்கிறார். பயணத்தைப் பிள்ளைகள் தீர்மானிக்கிறார்கள். உப்பையாவது நம் கையில் வைத்துக்கொள்வோம்.

ஆண்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நெருப்பும் வேண்டாம், குக்கர் விசிலும் வேண்டாம், தாளிப்பும் வேண்டாம். துணியில் கட்டி வடிக்கவும் கத்தரிக்கோலால் வெட்டவும் கரண்டியால் கலக்கவும் தெரிந்தால் போதும். சமையலில் எழுத்தறிவு பெற இதைவிட எளிய முதல் பாடம் கிடையாது. வீட்டுக்காரம்மா நன்றாக இருக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் உப்புச் சரியாக இருக்கிறதா என்று ருசி பார்த்துச் சொல்வார்கள். அந்தப் பாக்கியம் எல்லோருக்கும் எப்போதும் இருப்பதில்லை.

நாளை மதியத்துக்கு வேண்டுமானால் இன்று இரவே பாலை உறை ஊற்றிவிடுங்கள். காலையில் எழுந்ததும் துணியில் கட்டி வைத்தால் பதினொரு மணிக்கெல்லாம் தயார். கொத்துமல்லி வாங்கப் போகும்போது வேர் உள்ள கட்டாகப் பார்த்து எடுங்கள். வேரைத் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் இரண்டு நாள் கூடுதலாக வாடாமல் நிற்கும்.